நடுவழியில் டீசல் ஏறாவிட்டால்

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிய லாரி நாக்பூரில் இறங்க 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓசூர், பெங்களூரு, அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், அடிலாபாத் வழியாக நேராகக் கொண்டுபோய் விடும். வழியில் டயர் வெடித்தாலும் பட்டை உடைந்தாலும் பார்த்துக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். டீசல் கோளாறு வந்தால்தான் திண்டாட்டம். பம்ப் வேலை தெரிந்தவர்கள் பெரிய ஊர்களில் அதற்கென்று ஒதுக்கிய அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். ரோட்டோரத்துக்கு அவர்களை அழைத்து வருவது கடினம். வந்தாலும் அங்கே வைத்து அவர்களால் செய்யக்கூடியது குறைவு. ஆகவே வண்டி நின்ற முதல் ஒரு மணி நேரம் டிரைவர்தான் மெக்கானிக்.

இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். டேங்கிலிருந்து பில்டர் வரை உள்ள பாதை டிரைவருடையது. பம்பிலிருந்து நாசில் வரை உள்ள பாதை பம்ப் மெக்கானிக்குடையது. நடுவழியில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு முதல் பாதையில்தான் இருக்கும். அடைத்த பில்டர், காற்று இழுக்கும் பைப், தேய்ந்த வாஷர், தண்ணீர் கலந்த டீசல், மூச்சு விடாத டேங்க் மூடி. இவற்றைச் சரிசெய்ய ஸ்பேனரும் பொறுமையும் போதும். பதற்றத்தில் பலர் கை வைப்பது இரண்டாவது பாதையில். சில ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை, பம்பைக் கழற்றி, சீலை உடைத்து, பல நாள் நின்று, பெரும் செலவில் முடிந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். இன்று ரோட்டில் இரண்டு தலைமுறை வண்டிகள் ஓடுகின்றன. பழைய வண்டிகளில் வரிசைப் பம்ப்; நாசில் சுமார் 200 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 லாரிகளில் காமன் ரயில். அதன் உச்ச அழுத்தம் 1,600 பாரிலிருந்து 2,000 பார் வரை போகும். இரண்டிலும் டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் வருகிற வழி ஏறத்தாழ ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் இரண்டும் வெவ்வேறு உலகம்.

நிறுத்தும் இடம்

வண்டி திக்க ஆரம்பித்ததுமே இடதுபுறம் ஒதுங்குங்கள். இஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனக்கும், ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறாது. ‘அடுத்த தாபா வரைக்கும் போயிடலாம்’ என்று இழுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் நிற்பதுதான் மிக ஆபத்தானது. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது அடி தள்ளி அல்ல, ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். கல்லும் மரக்கிளையும் வைத்தால், கிளம்பும்போது அவற்றை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். விட்டுப்போன அந்தக் கல்லில் இரவில் பைக்கில் வருகிறவர் மோதுவார். வீலுக்குக் கட்டை போடாமல் யாரும் சேஸிக்கு அடியில் போகக் கூடாது.

நாக்பூரைத் தாண்டி சிவனி நோக்கிப் போகும்போது பென்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டுப் பகுதி வரும். விலங்குகள் கீழே கடந்து போக வழி விட்டுச் சாலையைத் தூணில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அங்கே இரவில் இறங்கி வேலை பார்க்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை எதுவானாலும் 1033க்குப் போன் செய்யலாம். ரோந்து வண்டியும் கிரேனும் அந்த எண்ணில் கிடைக்கும்.

புகை சொல்வது

கேபினைத் தூக்கும் முன், கிளீனரைச் சைலன்சர் அருகே நிற்கச் சொல்லிவிட்டு செல்ஃப் அடியுங்கள். இஞ்சின் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், குளிராக இருக்கலாம், இஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். ஓடும்போது கரும்புகை தள்ளினால் ஏர் பில்டரையும் டர்போ ஹோஸையும் பாருங்கள். டீசல் பைப்பை அப்போது தொட வேண்டியதில்லை. சமதளத்தில் ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் லோடு வாங்கும்போது மட்டும் இழுவை போனால், போதிய டீசல் வரவில்லை என்று அர்த்தம். பில்டர் பாதி அடைத்திருக்கும், அல்லது பைப் காற்று இழுக்கும்.

ஒரே மூச்சில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். டீசல் ஏறாத வண்டியில் பேட்டரியும் போய், செல்ஃப் மோட்டாரும் கருகினால் ஒரு கோளாறு மூன்றாகும். பழைய வண்டியில் இஞ்சின் ஆஃப் கேபிள் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா, புதிய வண்டியில் ஃபியூஸ் சரியாக இருக்கிறதா என்பதை இந்த இடைவெளியில் பார்த்துவிடலாம். இழுத்த கேபிள் பாதியில் மாட்டிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த வண்டிகள் உண்டு.

அடுத்து டேங்க் மூடி. மூடியைத் திறக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், மூடியில் உள்ள மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் வண்டி நிற்கிறது. கொஞ்ச நேரம் நின்றால் தானாகவே ஸ்டார்ட் ஆகும், மறுபடி சில கிலோமீட்டரில் நிற்கும். மூடி திருட்டுப்போன வண்டிகளில் வாயில் துணியைத் திணித்து, அதன் மேல் பாலித்தீனை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதனாலும் இதே கோளாறு வரும். துணியின் பிசிறு உள்ளே விழுந்து டேங்கின் உறிஞ்சு குழாயையும் அடைக்கும். மூச்சுத் துளையை மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள், அவ்வளவுதான்.

காற்று

எனக்குத் தெரிந்து டிரைவர்களை அதிகம் அலைக்கழிப்பது காற்றுதான். காரணம், அது கண்ணுக்குத் தெரியாது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள பைப்பில் டீசலைத் தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறோம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். இளநீர் வெளியே சிந்தாது, காற்றுதான் வாய்க்கு வரும். வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லாததால் ‘லீக்கே இல்லை’ என்று முடிவு கட்டி விடுகிறார்கள். இரவு வண்டி நின்றபிறகு அந்த ஓட்டை வழியே காற்று புகுந்து, பைப்பில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டி பகலில் ஓரளவு ஓடுவது இதனால்தான்.

பென்கங்கா ஆற்றைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்தபின், பாண்டர்கவடா பக்கம் ஜவ்வரிசி ஏற்றிய ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி நின்றிருந்தது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு, வெயிலில் கண் கூசியது. டிரைவர் போனில் ஓனரிடம் பேசிக்கொண்டிருந்தார். “ஏற்றத்துல இழுக்க மாட்டேங்குதுங்க. ஹைதராபாத்துல பில்டர் மாத்தியாச்சுங்க. இங்க ஒரு மிஸ்திரி வந்து பார்த்துட்டு நாசில் போச்சு, ஆறையும் கழட்டணும்ங்கறாருங்க.” மறுமுனையில் ஓனர் செலவு எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். டிரைவர் பதில் சொல்லாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கேன் சோதனை செய்து பார்க்கலாம் என்றேன். இதை ஒவ்வொரு டிரைவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் எடுத்து, ஃபீட் பம்பை விட உயரமான இடத்தில் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் பைப்பை ஃபீட் பம்பில் கழற்றிவிட்டு, அங்கே நல்ல ஹோஸ் ஒன்றைப் பொருத்தி, மறுமுனையைக் கேனில் விடுங்கள். திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்பைத் தொடாதீர்கள், அது டேங்குக்கே போகட்டும். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுங்கள். வண்டி ஒழுங்காக ரேஸ் ஏறினால் பம்பும் நாசிலும் நல்லபடியாக இருக்கின்றன. கோளாறு கேனுக்கு அந்தப் பக்கம், அதாவது டேங்க் பக்கம். கேனிலும் திக்கினால் பில்டரோ அதற்கு மேலோ.

அந்த வண்டி கேனில் குறையில்லாமல் ஏறியது. “தம்பி, டேங்கிலிருந்து கையாலயே தடவிக்கிட்டு வா” என்று டிரைவர் கிளீனரை அடியில் அனுப்பினார். பையன் பைப்பை விரலால் தடவிக்கொண்டே வந்தவன் கியர் பாக்ஸ் அருகே நின்றான். “அண்ணே, இங்க சொரசொரன்னு இருக்குது.” சேஸியில் பைப்பைப் பிடிக்கும் கிளிப்பின் ரப்பர் உதிர்ந்து, தகட்டு விளிம்பில் ஹோஸ் உராய்ந்து உராய்ந்து நூல் தெரிந்தது. அந்த இடத்தில் டார்ச் அடித்தால் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. அதன் மேல் கிரீஸைத் திரட்டி அப்பி, கேனைக் கழற்றி, பழைய பைப்பிலேயே ஸ்டார்ட் செய்து பார்த்தபோது ரேஸ் ஏறியது. அதுவே உறுதி. ஹோஸில் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, நடுவில் இரும்புக் குழாய்த் துண்டு கொடுத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முடுக்கினார்கள். ஜவ்வரிசி அன்றிரவே நாக்பூர் போய்ச் சேர்ந்தது. நாசிலில் யாரும் கை வைக்கவில்லை.

கிரீஸ் அப்பிப் பார்ப்பது எல்லா இணைப்புக்கும் பொருந்தும். பாஞ்சோ போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர், பில்டர் தலையின் ரப்பர் வளையம், தண்ணீர் பிரிப்பானின் வடிகுமிழ், கை பிரைமர். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருகுப் பிடி உள்ள பழைய கை பிரைமரில் காற்று எடுத்தபின் பிடியை அழுத்தித் திருகிப் பூட்டாவிட்டால் அதன் வழியாகவே காற்று இழுக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று இருந்தால் பில்டருக்கு முன்னால் இடையில் மாட்டிப் பாருங்கள். டீசலோடு குமிழி ஓடினால் காற்று உறுதி. ஒவ்வொரு இணைப்பாகக் கிரீஸ் அப்பிக்கொண்டே வர, குமிழி நிற்கும் இடத்தில் கோளாறு இருக்கிறது.

செம்பு வாஷர் ஒரு முறை நசுங்கினால் கெட்டிப்பட்டுவிடும். புதியது இல்லையென்றால் பழையதைக் கம்பியில் கோத்து அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி மென்மையாகும். தாபாவின் தந்தூர் அடுப்பே போதும். வாஷரின் முகத்தைச் சமமான கல்லில் எமரித் தாள் வைத்து லேசாகத் தேய்த்து, கரியைத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. பழைய ரப்பர் ஹோஸின் உள்தோல் உரிந்து நாக்கு போலத் தொங்கும். உறிஞ்சும்போது வழியை அடைத்துக்கொள்ளும், இஞ்சின் நின்றதும் விலகிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பைப் புதிது போல இருக்கும். கேன் சோதனை மட்டுமே இதைக் காட்டிக்கொடுக்கும்.

காற்று எடுக்கும் வரிசை

வரிசைப் பம்ப் வண்டியில் முதலில் பில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை கை பிரைமரை அடியுங்கள், முடுக்குங்கள். அடுத்து பம்பில் உள்ள ஸ்க்ரூ, அதே முறையில். அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டு நாசில் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் தெறித்ததும் முடுக்கிவிடலாம். பிரைமரை அடிக்க அடிக்கக் கை காலியாகவே போய்வந்தால், ஃபீட் பம்பின் வால்வு அழுக்கில் மாட்டியிருக்கும், அல்லது அதன் நுழைவாயிலில் இருக்கும் சின்ன ஜாலி அடைத்திருக்கும். ஜாலியைக் கழற்றி டீசலில் கழுவினால் போதும்.

காமன் ரயில் வண்டியில் இந்த நாசில் நட்டு வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள். ஓடும் இஞ்சினில் அந்தப் பைப்பைத் தளர்த்தினால் வெளியே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது ஊசி குத்தியது போல ஒரு சிறு காயம். உள்ளே தசை அழுகும். வலி இல்லாவிட்டாலும் அப்படிப்பட்டவரை உடனே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ‘டீசல் அழுத்தத்தில் உள்ளே போயிருக்கிறது’ என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். விரலையே இழந்தவர்கள் உண்டு. லீக் எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பது பில்டர் வரைக்கும்தான். அதுவும் இஞ்சின் நின்றபின்.

இந்த வண்டிகளில் பில்டர் தலையில் உள்ள பிரைமரைக் கை இறுகும்வரை அடித்து, செல்ஃப் அடித்தால் போதும். ரயிலில் போதிய அழுத்தம் ஏறாதவரை கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்காது. ஆகவே இரண்டு மூன்று முறை இடைவெளி விட்டு அடிக்க வேண்டியிருக்கும். புதுப் பில்டரை மாட்டும்போது கேனிலிருந்து டீசலை நடுத்துளையில் ஊற்றி நிரப்புவது பழைய பழக்கம். நடுத்துளை சுத்தமான டீசல் வெளியேறும் வழி. அங்கே ஊற்றியது வடிகட்டாமல் நேராகப் பம்புக்குள் போகும். காலியாகவே மாட்டிப் பிரைமர் அடியுங்கள்.

அழுக்கும் தண்ணீரும்

பில்டரைக் கழற்றினால் அதிலுள்ள டீசலைக் கீழே கொட்டிவிடாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாகக் கோடு போட்டு நின்றால் தண்ணீர். கறுத்துக் கொழகொழவென்று இருந்தால், டேங்கின் அடியில் தங்கிய தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கிறது. பல நாள் ஓடாமல் நின்ற வண்டிகளிலும் மழைக்காலத்திலும் இது வரும். வெள்ளித் தூள் மின்னினால் விஷயம் வேறு. பம்ப் தேய்ந்து இரும்பைத் தின்கிறது. அந்த வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். ஓட ஓட அந்தத் தூள் ரயிலுக்கும் ஆறு நாசிலுக்கும் போய்ச் சேரும். கட்டி இழுத்துப் போவதே லாபம்.

தண்ணீர் என்றால் தண்ணீர் பிரிப்பானை வடியுங்கள், டேங்கின் அடி நட்டைத் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள், பில்டரை மாற்றுங்கள். வடித்ததை மண்ணில் விடாமல் கேனில் பிடியுங்கள். பங்கில் நிரப்பிய சில கிலோமீட்டரிலேயே நின்றிருந்தால் பில்லையும் மாதிரியையும் பத்திரப்படுத்துங்கள். அதே பங்கில் நிரப்பிய வேறு வண்டியும் நின்றிருக்கிறதா என்று விசாரியுங்கள். டீசலின் அடர்த்தியைக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பதிவேட்டில் உள்ள அடர்த்திக்கும் அளந்ததற்கும் 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சண்டை போடாமல், புகார்ப் புத்தகத்தில் எழுதி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குஜராத் பக்கம் ரோட்டோரத் தொட்டிகளில் ‘பயோ டீசல்’ என்று மலிவாக விற்றதைப் போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று அதை நிரப்புவது காமன் ரயில் பம்புக்கு விஷம். 2020க்குப் பின் வந்த பம்ப்கள், கந்தகம் 10 பிபிஎம்முக்கு மிகாத டீசலுக்கும், அந்த டீசலே தரும் மசகுக்கும் ஏற்றவாறு செய்யப்பட்டவை.

பிஎஸ்-6 வண்டியில் இன்னொன்று. வண்டி திடீரென்று இழுவை குறைந்து, டேஷ்போர்டில் யூரியா விளக்கு எரிந்தால் டீசல் பைப்பில் கை வைக்காதீர்கள். டெஃப் தீர்ந்தாலோ, தரமில்லாததை ஊற்றியிருந்தாலோ கம்ப்யூட்டரே சக்தியைக் குறைக்கும். டெஃப் என்பது 32.5 சதவீத யூரியாக் கரைசல். சீல் உடைக்காத கேனில் மட்டும் வாங்குங்கள். இருட்டில் டெஃபை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். அது டீசலைவிடக் கனம், அடியில்தான் நிற்கும். டேங்கை முழுதாக வடித்துக் கழுவினால் பிழைக்கலாம். ஒரு முறை ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பிலிருந்து நாசில் வரை உப்புப் பூத்துவிடும்.

வடக்கின் குளிர்

டிசம்பர், ஜனவரியில் டெல்லிக்கு மேலே போகிற தமிழ்நாட்டு வண்டிகள் விடியற்காலையில் நின்றுபோவதற்குத் தனிக் காரணம் உண்டு. குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு பில்டரை அடைக்கும். ஐஎஸ் 1460 தரநிலைப்படி, பில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை குளிர்கால டீசலுக்கு 6 டிகிரிக்கும், மற்றக் காலத்து டீசலுக்கு 18 டிகிரிக்கும் மேல் போகக் கூடாது. நம் ஊரில் நிரப்பிய டீசலோடு பஞ்சாப் பனியில் போய் நின்றால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். குளிர்ப் பகுதிக்கு முன் டேங்கைக் கால்வாசிக்கு இறக்கி, அங்குள்ள பங்கிலேயே நிரப்புங்கள். லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019இல் தனிக் குளிர்கால டீசலே கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரி வரை அது உறையாது. அடைத்துவிட்டால் பில்டரைச் சுற்றிச் சாக்கைப் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள், வெயில் ஏறும்வரை காத்திருங்கள். டேங்குக்கு அடியில் தீ மூட்டாதீர்கள். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது சட்டப்படிக் கலப்படம், பம்பின் மசகையும் கெடுக்கும்.

டேங்கிலேயே கல் பட்டுக் கசிந்தால் துணி துவைக்கும் பார் சோப்பை அந்த விரிசலில் அழுத்தித் தேயுங்கள். டீசல் சோப்பைக் கரைப்பதில்லை. அடுத்த ஊர் வரை தாங்கும். வெல்டிங் அடிக்கும் முன் டேங்கைக் கழற்றி நன்றாக நீரால் கழுவ வேண்டும். ‘காலி டேங்க்தானே’ என்று அப்படியே அடிக்கிற கடையில் நிற்காதீர்கள். ஆவிதான் வெடிக்கும்.

மிஸ்திரியிடம்

இவ்வளவும் செய்தபின்னும் கேனில் வைத்தே வண்டி திக்கினால், பில்டரும் புதிதென்றால், இனி உங்கள் வேலை முடிந்தது. வட இந்திய நகரங்களில் பெரும்பாலும் ட்ரான்ஸ்போர்ட் நகர் என்ற பகுதி இருக்கும். பம்ப் ரூம்கள் அங்கேதான். ‘காடி ஹவா லே ரஹி ஹை’ என்றால் வண்டி காற்று இழுக்கிறது, ‘டீசல் மே பானி ஹை’ என்றால் டீசலில் தண்ணீர் இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியத்தோடு நீங்கள் செய்த சோதனையையும் சைகையில் காட்டிவிட்டால், மிஸ்திரி உங்களை வேறு மாதிரி மதிப்பார். தமிழில் போர்டு எழுதிய மெஸ்ஸோ தாபாவோ வழியில் இருந்தால் அங்கே விசாரியுங்கள். எந்த மிஸ்திரி நம்பகமானவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

கழற்றுவதைக் கண்முன்னால் கழற்றச் சொல்லுங்கள், பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். வரிசைப் பம்பை இறக்கும்முன் டைமிங் குறியைப் போட்டோ எடுங்கள். சீல் உடைத்தால் பெஞ்சில் ஏற்றி அளவு வைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். காமன் ரயில் நாசிலின் தலையில் ஒரு எண் பொறித்திருக்கும். எந்த சிலிண்டரில் எந்த எண் என்று எழுதிக்கொள்ளுங்கள். இடம் மாற்றி மாட்டினாலும், புதிதை மாட்டிவிட்டு அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்டாலும் வண்டி சரியாக ஓடாது.

வேலை முடிந்ததும் நேராக நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். ஏற்றம் ஒன்றில் லோடோடு இழுக்க வைத்து, பத்து கிலோமீட்டரில் ஒதுக்கி, கை வைத்த எல்லா இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சூடேறியபின் தளர்ந்தவை அப்போதுதான் ஈரம் காட்டும்.

ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடக்கே போகும் வண்டியின் டூல் பாக்ஸில் அந்த மாடலுக்குரிய பில்டர் இரண்டு, தண்ணீர் பிரிப்பான் ஒன்று, பல அளவு செம்பு வாஷர்கள், இரண்டு மீட்டர் டீசல் ஹோஸ், கிளிப்புகள், ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு, சுத்தமான கேன் ஆகியவற்றை நீங்களே வாங்கி வையுங்கள். வழியில் பில்டர் வாங்கிய பில்லைக் காட்டும் டிரைவரிடம் குறுக்கு விசாரணை வேண்டாம், நின்ற நாளுக்கு பேட்டா பிடிக்கவும் வேண்டாம். பேட்டா போய்விடும் என்று பயந்தவர்தான் திக்குகிற வண்டியை நிறுத்தாமல் ஓட்டிப் பம்பையே தொலைப்பார்.